பல் முளைத்த வீட்டின் சன்னல்கள்

மூக்குக்கண்ணாடி வில்லை தேய்ப்பவரின் பெண்குழந்தை, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகப் பல் முளைத்த வாரத்தில், முன்னறைச் சன்னலின் கண்ணாடியைக் கையால் தொடாமலேயே வில்லையாகத் தேய்த்துவிட்டது. அது செய்ததெல்லாம், கம்பி அடைப்பு வைத்த தன் சிறு கட்டிலில் உட்கார்ந்து, மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசியதுதான். நறநறவென்ற அந்த ஓசை எழும்போதெல்லாம் சன்னலின் அடிச்சட்டத்தில் மாவுபோல் வெண்தூள் உதிர்ந்தது. கண்ணாடிக்காரரின் அக்காள் அதனை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அள்ளினார். தூள் உதிர உதிர எதிர்வீடு நெருங்கி வந்தது. அங்கிருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா முகம் மழிக்கையில், அவருடைய மூக்கு இந்த வீட்டாருக்குப் பூசணிக்காய் அளவில் தெரிந்தது. அதனை அறிந்த நாள்முதல் அவர் முதுகைக் காட்டியே மழித்துக்கொண்டார். வெளிச்சம் போதாமல் கன்னத்தை வெட்டிக்கொண்டார். அந்த வெட்டுக்கும் குழந்தையின் தாயையே குறை கூறினார்.

தாய் நகரப் பேருந்தின் ஓட்டுநர். ஆட்டோ நுழையவே மூச்சுத் திணறும் சந்துகளில் பல ஆண்டுகள் ஓட்டி, இடுப்பு எலும்பு கழன்ற பிறகே, ரயில்நிலையத்திலிருந்து துறைமுகம்வரை செல்லும் வழித்தடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அகன்ற சாலை, முகத்தில் கடற்காற்று, பகல்நேரப் பணி. பிள்ளைப்பேற்று விடுப்பு முடியும் திங்கட்கிழமையன்று அவள் பணியில் சேராவிட்டால் அந்த வழித்தடம் மேலாளரின் மைத்துனருக்குப் போய்விடும் என்பது பணிமனையின் கதவுக்கும் தெரிந்த செய்தி. மைத்துனர் இப்போதே இருக்கையைத் தம் கால்நீளத்திற்கு ஏற்பப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார் என்று நடத்துநர் வீடு தேடி வந்து சொல்லிப் போனார்.

அவளுடைய வயிற்றெரிச்சலுக்கு மைத்துனர் பாதிக் காரணம். மறுபாதி அவள் கணவர். வில்லைப் பட்டறையில் ஒரு விதி உண்டு. தேய்க்கத் தொடங்கிய கண்ணாடியை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். கோடு விழுந்த வில்லை குப்பைத்தொட்டிக்குத்தான். ஓசை தானாக மெலியும்வரை காத்திருப்பவனே தேர்ந்த தொழிலாளி. பட்டறையில் இது பிழையற்ற விதி. அதனை அந்த மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருமுறை, குழந்தை பல்லை நறநறவென்று உரசிக்கொண்டிருந்தபோது, அக்காள் ரப்பர் வளையத்தை அதன் வாயில் வைத்தார். ஓசை நின்றது, மேசைமேலிருந்த கண்ணாடித் தம்ளரின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடு விழுந்தது. கண்ணாடிக்காரர் அந்தத் தம்ளரை மாலைமுழுதும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கவீட்டில்கூட அவர் முகம் அவ்வளவு வாடியதில்லை. மறுநாள்முதல் வளையம் குளிர்பெட்டியிலேயே கிடந்தது.

“அந்த ரிங்கைக் குடுங்க. ஈறு அரிக்குது அதுக்கு.”

“சத்தம் மெலியட்டும். இப்ப நிறுத்தினா கோடு விழும்.”

“அது பிள்ளைங்க. உங்க பட்டறைச் சக்கரம் இல்ல.”

“தெரியும். ஆனா வேலை நடந்துக்கிட்டிருக்கில்ல?”

“யார் குடுத்த வேலை?”

அவர் சன்னலடியில் உதிர்ந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். வளையத்தை அவர் தரவில்லை.

உரசாத நேரங்களில் குழந்தை கடித்தது. கட்டிலின் மேற்கம்பி, செருப்பின் வார், தொலைக்காட்சியை இயக்கும் கருவி, அத்தையின் வளையல், அம்மாவின் தோள் என எதுவும் தப்பவில்லை. அவள் தோளில் நான்கு பல்லின் தடம் நிலையாகக் குடியிருந்தது. அத்தை அதற்கு எலிக்குட்டி என்று பெயரிட்டார். தெருவாரோ ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தனர். வயிற்றில் பூச்சி என்றார் ஒருவர். கோபக்காரத் தாயின் பால் என்றார் இன்னொருவர். கழுத்தில் மணிமாலை கட்டினால் பல்வலி இறங்கும் என்றார் வேறொருவர். பிள்ளையே பெறாத எதிர்வீட்டுக் குமாஸ்தா ஒரு மணிநேரம் பேசினார். மருந்து விற்க உரிமம் கேட்கும் அரசு, அறிவுரை வழங்க ஏன் உரிமம் கேட்பதில்லை என்பது இன்றளவும் விளங்காத ஒன்று.

குழந்தை மருத்துவர் மட்டும் பொருளோடு பேசினார். புதுப்பல் வந்த பிள்ளைகள் உரசிப் பார்ப்பது இயல்பு, பல் தேய்ந்துபோகாது, கடைவாய்ப்பற்கள் வந்த பிறகு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றார். குளிர்ந்த ஈரத்துணியையோ வளையத்தையோ கடிக்கக் கொடுக்கச் சொன்னார். உறைந்து கல்லானதைக் கொடுக்க வேண்டாம், கழுத்தில் எதையும் கட்ட வேண்டாம் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள், குழந்தை உரசிய உரசலில், அவருடைய மூக்குக்கண்ணாடியின் வில்லை வேறாகிவிட்டது. கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், முன்னைவிட நன்றாகத் தெரிவதாகச் சொல்லி, அடுத்த குழந்தையை அழைத்தார்.

“டாக்டரே சொல்லிட்டாரு. இப்பவாவது குடுப்பீங்களா?” என்று அவள் வெளியே வந்ததும் கேட்டாள்.

“அவருக்குக் கண்ணாடி போட்டுக்கத் தெரியும். செய்யத் தெரியுமா?” என்றார் கணவர்.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கையில் குழந்தையைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டார்கள். நண்பகலுக்குள் காப்பகத்தின் தெற்குச் சன்னல் வில்லையாகி, வெயிலைக் குவித்து, படுக்கை விரிப்பில் நாணயம் அளவு ஓட்டை போட்டது. புகை வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்களாம். காப்பகத்தை நடத்திய அம்மாள் குழந்தையையும் பையையும் ஒன்றாக நீட்டினார்.

“நல்ல பிள்ளைதான். அழாது, அடிக்காது. ஆனா கட்டடத்தைக் கொளுத்திடும்மா.”

அவள் அன்று நடந்தே வீடு வந்தாள். பேருந்தில் ஏறினால் அழுதுவிடுவோம் என்று அஞ்சினாள். வெயில் விழும் நேரத்தில் பிள்ளையைச் சன்னலருகே விடக் கூடாது என்று வீட்டில் கட்டளையிட்டாள். துணிகளை எடுத்துச் சன்னல்களில் தொங்கவிட்டாள். கணவர் துணியை விலக்கிக் கண்ணாடியின் வளைவை விரல்நுனியால் தடவி, ஓசை இன்னும் மெலியவில்லையே என்று கவலைப்பட்டார். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது கொஞ்சம் விரிசல் விட்டிருக்கும்.

திங்கட்கிழமை வந்தது. வேறு வழியின்றி அவள் குழந்தையைப் பணிக்கு எடுத்துச் சென்றாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறைக்குப் போகும் வழி என்பதால் கணவரும் அருகில் உட்கார்ந்தார். படியருகே, யாரும் கேட்காமலேயே, மேலாளரின் மைத்துனர் நின்றார். கல்யாணவீட்டில் பந்திக்கு இடம்பிடித்தவரின் நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

பாதித் தொலைவுவரை எலிக்குட்டி தூங்கியது. பிறகு விழித்தது, உரசியது. முன்கண்ணாடியின் அடிவிளிம்பிலிருந்து வீக்கம் மெல்ல மேலேறத் தொடங்கியது. முதலில் அவளுக்குச் சாலையின் அடிப்பகுதி பெருத்தது. பிறகு, எங்கோ முன்னால் போன மிதிவண்டிக்காரர் யானையாக மாறி அவள் மடிமீது ஏறினார். துறைமுகத்துக் கப்பல் ஒன்று வாசல்வரை வந்தது.

“என்னம்மா, நாங்க போய் ஏறணுமா, கப்பலே பஸ்ல ஏறிக்குமா?” என்று பின்னாலிருந்து ஒரு மூட்டைக்காரர் கேட்டார்.

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். வீக்கம் அவள் மோவாயைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் சாலை அவளுக்கு இல்லை. சாலை இல்லையேல் வழித்தடமும் இல்லை.

“கண்ணாடி சரியில்லாத வண்டிய ஓட்டுறது சட்டப்படி தப்பு, சிஸ்டர்” என்றார் மைத்துனர்.

“வண்டி நின்னுக்கிட்டுதான் இருக்கு. சட்டத்தைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க.” அவள் பின்னால் திரும்பினாள். “அண்ணி, அந்த ஈரத்துணியைக் குடுங்க.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி இரு கைகளையும் நீட்டித் தடுத்தார்.

“கொஞ்சம் பொறு. சத்தம் மெலியப் போகுது. இவ்வளவு பெரிய கண்ணாடியில கோடு விழுந்தா...”

“விழட்டும்.”

“தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்.”

“நானும் தொழில் தெரிஞ்சவதான். என் தொழிலுக்கு முன்னால ரோடு தெரியணும். நகருங்க.”

“தம்பி, கையை எடு” என்றார் அக்காள். அந்த வீட்டில் அதுவரை அவர் தம்பியிடம் அப்படிப் பேசியதில்லை. நனைத்துக் குளிரவைத்திருந்த துணியை அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க, தாய் அதன் நுனியை முறுக்கிக் குழந்தையின் பற்களுக்கு இடையே வைத்தாள். குழந்தை அதனைக் கவ்வியது. ஓசை நின்றது. முன்கண்ணாடியில், அவள் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரு கோடு விழுந்தது.

கோட்டுக்கு மேலே சாலை உள்ளபடியே கிடந்தது. கப்பல் தன் இடத்திற்குத் திரும்பியிருந்தது. கோட்டுக்குக் கீழே, சக்கரத்தின் முன்னால் கிடந்த ஆணி ஒன்று குடை அளவில் தெரிந்தது. அவள் நடத்துநரை இறக்கி அதனை எடுக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். துறைமுகத்தில் மூட்டைக்காரர் இறங்குகையில், நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்காக அவளுக்குத் தலையசைத்தார். மைத்துனர் தலையசைக்கவில்லை.

மேலாளர் வந்து சோதித்தார். புதுக்கண்ணாடி வரும்வரை இதுவே ஓடட்டும் என்றார். அந்த வண்டியின் சக்கரம் அதன்பிறகு ஒருமுறைகூட ஆணி ஏறிக் காற்றுப்போகாததால், புதுக்கண்ணாடி வந்தபோது அதனை வேறு வண்டிக்கு மாட்டினார்கள். மைத்துனருக்குச் சந்து வழித்தடம் கொடுக்கப்பட்டது. குழந்தை சில மாதங்கள் ஈரத்துணியைக் கவ்வியபடியே துறைமுகத்துக்கும் ரயில்நிலையத்துக்கும் போய்வந்தது. கடைவாய்ப்பற்கள் முளைத்தன, உரசல் நின்றது, எந்த நாளில் நின்றது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பள்ளிக்குப் போகும் வயதில் மகளிடம் இதைச் சொன்னபோது, அவள் நம்பவுமில்லை, வியக்கவுமில்லை. எதிர்வீட்டுக் குமாஸ்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவர் காலையில் செய்தித்தாளுடன் இந்த வீட்டு முன்னறைக்கு வந்து, சன்னலுக்கு வெளியே தாளைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்கிறார்.

கண்ணாடிக்காரர் இன்றும் மனைவியின் பேருந்தில்தான் பட்டறைக்குப் போகிறார். நாள்தோறும் முன்னால் வந்து நின்று, அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறார்.

“விளிம்புல மெருகே ஏறல. அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.”

“உங்க ஸ்டாப் வந்துடுச்சு” என்கிறாள் அவள். “இறங்குங்க.”