கோழிக்குப் போடும் மருந்து

“இந்தப் புண்ணுல இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?” என்று டாக்டர் கேட்டபோது அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“கோழி மருந்துங்க,” என்றாள் அத்தையே.

விடியும் முன்பே, நாங்கள் வேலை பார்க்கும் கோழிப்பண்ணைக் கொட்டகையில் எச்சத்தின் காரம் கண்ணைக் கரிக்கும். தீவனத்தில் மருந்துப் பொடியைக் கொட்டி வெறுங்கையால் பிசறுவோம். தொண்டை கசக்கும். சீக்கில்லாத கோழிக்கும் தினம் மருந்துதான். கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, எங்கள் அடிகுழாயை ஒட்டியே ஓடும்.

யாருக்குக் கை கிழிந்தாலும் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை அப்புவோம். காய்ச்சல் மாத்திரை வாங்கினால் பாதிதான் விழுங்குவோம். மீதி, அடுத்துக் காய்ச்சலில் படுக்கப்போகிறவருக்கு. லீவு போட்டால் கூலி கிடையாது. இதைத்தான் ஒருவருக்கொருவர் உதவி என்று நினைத்திருந்தோம்.

கூண்டுக் கம்பி கிழித்த அத்தையின் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் வடியவில்லை.

“கோழிக்குத் தினம் போட்டுப் போட்டே கிருமிக்கு இந்த மருந்தெல்லாம் பழகிப்போச்சும்மா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் கேக்கலேன்னா கையை எடுக்கணும்,” என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் பொடி மூட்டையை யாரும் பிரிக்கவில்லை. முதலாளி வந்தார்.

“என்ன, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?”

“வெறும் தீவனம் வெச்சாச்சு மொதலாளி. சீக்குக் கோழிக்கு மட்டும், கோழி டாக்டர் பாத்துச் சொன்னா மருந்து கலக்குறோம். கையுறை வேணும். காய்ச்சல்னா கூலியோட லீவு வேணும்,” என்றாள் முட்டை பொறுக்கும் சின்னம்மா.

“புண்ணுல பொடிய அப்பச் சொன்னது நானா?”

“லீவு குடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போமே. கோழிக்குத் தினம் மருந்து, எங்களுக்குப் பாதி மாத்திரை. பேசாம றெக்கை ஒட்டிக்கிட்டுக் கூண்டுல ஏறிடலாம்!” என்றாள் சின்னம்மா.

சிரிப்பு எழுந்தது. முதலாளி சிரிக்கவில்லை.

“வெளிய நூறு பேரு வேலைக்கு நிக்கிறான்.”

“அவங்களும் இந்த வாய்க்கால் ஓரத்துலதாங்க குடியிருக்காங்க. அவங்க அடிகுழாய்லயும் இதே தண்ணிதான்.” சொன்னது நான்தான் என்பது, எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. சின்னம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அத்தைக்கு அந்தக் கடைசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கேட்குமோ, கேட்காதோ.

புதுப் பொடி மூட்டைகளோடு லாரி வந்து நின்றது. நாங்கள் கொட்டகை வாசலை அடைத்து நின்றோம்.

“இவங்க கெடக்குறாங்க. நீ எறக்கிக் கலந்துடுப்பா, கூலிய நான் தர்றேன்,” என்றார் முதலாளி டிரைவரிடம்.

பாதி அவிழ்த்த தார்ப்பாய்க் கயிறு டிரைவரின் கையில் இருந்தது. எங்களை வரிசையாகப் பார்த்தார். கயிற்றை இழுத்து மறுபடி முடிச்சுப் போட்டார். ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.