கடைசிப் பதினாறு பக்கம்

அப்பாவின் தலையணை உறைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த ஆளை மகள் அறை வாசலில் நின்று பார்த்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனுஷர் மட்டும் இரண்டு நிமிஷம் நின்றார், அத்தையிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார், நேராக இங்கே வந்துவிட்டார்.

"என்ன தேடறீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பதினாறு பக்கம்மா," என்றார். "இங்கதான் எங்கேயாவது இருக்கணும்."

ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். டயாலிசிஸ் சென்டரில் யாருக்கும் பெயர் கிடையாது, கட்டில் எண்தான். அப்பா ரெண்டாம் நம்பர், இவர் மூணாம் நம்பர். செவ்வாய், வியாழன், சனி மத்தியானம் இரண்டு மணிக்கு இருவருக்கும் ஊசி குத்தி இயந்திரத்தில் மாட்டுவார்கள். ஆறு மணி வரை ஒரு கையை அசைக்கக் கூடாது. அந்த நாலு மணி நேரமும் இரண்டு பேரும் கதைகளைப் பற்றியும் மனுஷன் எதற்குப் பிறந்தான் என்பதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவார்கள் என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். வீட்டில் அப்பா பேசுவது, "மாத்திரை போட்டாச்சு," "விளக்கை அணைச்சிடு," அவ்வளவுதான். முப்பது வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த மனுஷர், வீட்டில் பழுதான லிஃப்ட் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிடுவார்.

மூணாம் நம்பர் தையல்காரர். ஒற்றைக் கையால் தடிப் புத்தகத்தைப் பிடிக்க முடியாது என்பதால், பிளேடால் பதினாறு பதினாறு பக்கமாக அறுத்து, ஒவ்வொன்றையும் நீல நூலால் தைத்துக் கொண்டுவருவார். ஒருவர் படித்ததை அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்பா அந்தத் துண்டுகளைப் பொன் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைப்பார். அவளைத் தொடவிட மாட்டார்.

இன்று காலையில் அவள் சென்டருக்குத் தகவல் சொல்லப் போன் செய்தபோது நர்ஸ், "ஐயோ, அதான் சனிக்கிழமையும் வரலை, நேத்தும் வரலையா?" என்றாள்.

இரண்டு நாளும் போய்வந்ததாக அப்பா சொல்லியிருந்தார். கால் வீங்கியிருந்ததைப் பார்த்துக் கேட்டபோது, "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். அவளும் நம்பிச் சமையலில் உப்பைக் குறைத்தாள்.

காலையிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். ஒருநாள் அப்பாவை அழைத்துவரப் போனபோது, திரைக்கு அந்தப் பக்கம் இந்த ஆள் கேட்டது அவள் காதில் விழுந்திருந்தது: 'எதுக்காக உசுரோட இருக்கணும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, பார்ப்போம்.'

அவள் கதவைச் சாத்தினாள்.

"வர வேணாம்னு அவர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?"

"என் காதாலயே கேட்டேன். எதுக்கு உசுரோட இருக்கணும்னு கேட்டீங்க. நோயாளிகிட்ட கேக்கற கேள்வியா அது?"

மூணாம் நம்பர் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். ஊசி போட்டுப் போட்டு அவர் கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"கேட்டேன். பாதிதான் உங்க காதுல விழுந்திருக்கு. மழைக்காலத்துலயே உங்கப்பா என்கிட்ட சொல்லிட்டார், போதும்யா, இதோட நிறுத்திக்கப் போறேன்னு. அதுக்கப்புறம்தான் அந்தக் கேள்வியக் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் கதை எப்படி முடியுதுன்னு பார்க்கணும், அதுக்காக வேணா இருக்கலாம்னார்."

"எந்தக் கதை?"

"ரயில்வே கேட் கீப்பர் ஒருத்தன். அந்தப் பாதையில ரயிலையே நிறுத்திட்டாங்க. ஆனாலும் அவன் தினமும் வேளாவேளைக்குக் கேட்டை மூடறான், திறக்கறான். அவன் கிறுக்கன்னு உங்கப்பா. அவன் ஒருத்தன்தான் தெளிவா இருக்கான்னு நான். மூணு மாசமா இதே சண்டை. கடைசிப் பகுதியில அவன் என்ன பண்றான்னு தெரிஞ்சாத்தான் தீரும்."

அவள் பார்வை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"நான் ஒரு காரியம் பண்ணினேன்," என்றார் அவர். "கடைசிப் பதினாறு பக்கத்தை ஒளிச்சு வெச்சுட்டேன். பைண்டிங்ல விட்டுப்போச்சு, பதிப்பகத்துக்கு எழுதிப்போட்டிருக்கேன்னு அளந்துவிட்டேன். தபால் வந்துச்சான்னு கேக்கறதுக்காகவே மூணு மாசம் தவறாம வந்தார். நானும் அந்தப் பக்கத்தைப் படிக்கலை. படிச்சா என் மூஞ்சியிலயே தெரிஞ்சுடும்."

கூடத்தில் அத்தை யாருக்கோ நாற்காலி போடச் சொல்லும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை அவர் வரலைன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு," என்றார் மூணாம் நம்பர். குரலில் கோபம் ஏறியிருந்தது. "யாரோ அவருக்கு முடிவைக் கொண்டுவந்து கொடுத்திருக்காங்க. எவன்னு தெரிஞ்சாகணும்மா எனக்கு."

அவர் எழுந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கினார். அங்கே ஒரு பதினாறு பக்கத் துண்டு இருந்தது. எடுத்து முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இது என் தையல் இல்லை. பின் அடிச்சிருக்கு."

ஜன்னலோரம், சென்டர் சீட்டுகள் அடுக்கியிருந்த கோப்புக்குப் பக்கத்தில், அவள் ஆபீசிலிருந்து கொண்டுவந்த ஸ்டேப்ளர் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய புத்தகக் கடைகளில் தூசி தின்றிருந்தாள். கடைசிப் பக்கமில்லாத புத்தகத்தை எவனாவது விற்பானா என்று அப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டதைக் கேட்டுத்தான் அலைந்தாள். அதில் பாசம் பாதி, பொறாமை பாதி. மூணாம் நம்பரால் கொடுக்க முடியாததைத் தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. புத்தகம் கிடைத்ததும் கடைசிப் பகுதியை மட்டும் அறுத்து, பின் அடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கையில் கொடுத்தாள். "நாளைக்குக் கொண்டுபோய் உங்க சிநேகிதர்கிட்ட காட்டுங்க," என்றாள். அப்பா அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். கேட் கீப்பரைப் பற்றி, ஒரு மனுஷன் தன் வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வான் என்பதைப் பற்றி. அவளுக்கு நினைவு தெரிந்து அவர் அவளோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. எழுந்து போகும்போது, "நல்ல காரியம் பண்ணினே," என்றார். அன்று படுத்தபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூணாம் நம்பரும் இப்போது ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள். "எனக்குத் தெரியாதுங்க."

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார், திறக்காமல். மூன்று பின்னையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"நேராத்தான் அடிச்சிருக்கீங்க," என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

அத்தை கதவைத் தட்டினாள். "வண்டி வந்தாச்சு. உள்ளே என்னடி பண்றே?"

"வரேன் அத்தை."

மூணாம் நம்பர் பின் அடித்த துண்டை மெத்தைக்கடியில் இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அது அவருடையது, நீல நூல் போட்டது. முதுகில் மட்டுமல்ல, நாலு ஓரத்திலும் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"ஆசை தாங்காம பிரிச்சுடுவேனோன்னு பயந்து தைச்சேன்," என்றார். "இனிமே இது என்கிட்ட இருக்க வேணாம்." அவள் கையில் வைத்தார். "முடிவு என்னன்னு அவர் சொன்னாரா உங்ககிட்ட?"

சொல்லியிருந்தார்.

"சொல்லலை," என்றாள்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"நாளைக்கு வியாழக்கிழமை," என்றாள் அவள். "போவீங்கல்ல?"

"ரெண்டு மணிக்கு." வாசல் வரை போய் நின்றார். "ரெண்டாம் நம்பர் கட்டிலுக்கு உடனே ஆள் போட மாட்டாங்க. பக்கத்துல ஒரு நாற்காலி கிடக்கும்."

அவர் போனதும் அவள் அந்தத் துண்டை ஆபீஸ் கைப்பைக்குள் வைத்தாள். ஸ்டேப்ளரை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள். பிறகு வெளியே போய் அப்பாவின் கால்மாட்டில் நின்றாள். பாதங்கள் இன்னும் வீங்கியே இருந்தன.