கேப்டனின் கட்டைவிரல்

கடற்கரையில் மச்சினனைத் தவிர எல்லோரும் அவன் அக்கா புருஷனான அத்தானைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வாழ்நாளில் ஓட்டிய மிகப் பெரிய வாகனம் ஸ்கூட்டர். டைவிங் கடை திறந்த அன்று, தோளில் நான்கு தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டார். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. டேங்குகளில் காற்று நிரப்புவது, ஆட்களைத் தண்ணீருக்குள் கூட்டிப் போவது, அவர்கள் வாந்தி எடுத்த படகைக் கழுவுவது எல்லாம் மச்சினன் பாடு. "கடை நம்ம ரெண்டு பேரோடது மாப்ள" என்பார் கேப்டன், படகு கழுவும் நேரத்தில் மட்டும்.

மச்சினனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. பவளப்பாறைக்கு அப்பால், பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பழைய சரக்குப் படகு ஒன்று மூழ்கிக் கிடந்தது. அதன் இன்ஜின் அறையில் ஆள் உயரக் கலவா மீன் ஒன்று குடியிருந்தது. கிழிந்த கீழுதடு, எதையும் ரசிக்காத முகம். மச்சினன் அதற்கு 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தான். கத்திப்பிடியால் டேங்கில் இரண்டு முறை தட்டினால், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் தோரணையில் மெதுவாக வெளியே வரும். கணவாய் மீன் துண்டை வாங்கிக்கொண்டு, சொறிந்துவிடச் சொல்லித் தாடையைக் காட்டும். மூன்று வருஷப் பழக்கம்.

ஜோடி இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவன் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். இத்தனை நாள் ஜோடியாக வந்த படகுக்காரர் காது வலி என்று முழுகுவதை நிறுத்தியதும், வேறு வழியில்லாமல் அத்தானைக் கூட்டிப் போனான். தட்டும் வித்தையையும் சொல்லிக் கொடுத்தான்.

"வெளிய மூச்சு விடக் கூடாது அத்தான். யாராவது ஈட்டித் துப்பாக்கியோட வந்தா, இது ஓடத் தெரியாம நிக்கும்."

"உங்கக்கா தலைமேல சத்தியம் மாப்ள."

தன் தலை அத்தனை பக்கத்தில் இருக்கும்போது அவர் ஏன் அக்கா தலையைத் தேடிப் போனார் என்று மச்சினனுக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு தொழிலதிபர் வந்தார். டைவிங் சான்றிதழ் வைத்திருந்தார், பாடம்தான் மறந்திருந்தது. மச்சினன் நீச்சல் குளத்தில் ஞாபகப்படுத்தினான். "சார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினா சூப்பர்னு அர்த்தமில்ல. மேல போன்னு அர்த்தம். யார் காட்டினாலும் கேள்வி கேக்காம மேல போயிடணும்." தொழிலதிபர் பள்ளிப் பிள்ளை மாதிரி இரண்டு முறை செய்து காட்டினார். கேப்டன் குளக்கரையில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் படகில் ஒரு நீளமான பை ஏறியது. "கேமரா ஸ்டாண்டு" என்றார் கேப்டன். திசையையும் அவரே சொன்னார். அது பெரியவர் இருக்கும் திசை என்று புரிந்ததும் மச்சினன் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அத்தான், அங்க வேணாமே."

"சும்மா ஒரு போட்டோடா."

பையைத் தண்ணீருக்குள்தான் பிரித்தார்கள். ஈட்டித் துப்பாக்கி. கேப்டன் இரண்டு முறை தட்டினார். குறுக்கே பாய்ந்த மச்சினன் கத்திய கத்தல் முழுவதும் குமிழிகளாக மேலே போயிற்று. பெரியவர் வெளியே வந்தார். தெரிந்த முகத்தைப் பார்த்துத் தாடையைக் காட்டினார். தொழிலதிபர் சற்று விலகிக் குறிபார்த்தார்.

தன் தட்டலுக்கு மீன் வந்ததில் கேப்டனுக்கு நெஞ்சு விம்மியது. கட்டைவிரலை நிமிர்த்தி, நன்றாக ஆட்டிக் காட்டினார்.

தொழிலதிபர் உடனே ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு, சொன்ன சொல் தட்டாமல் மேலே கிளம்பினார்.

"ஏன் சார் மேல வந்துட்டீங்க?" என்றார் கேப்டன், படகில் மூச்சு வாங்கியபடி.

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

கேப்டன் ஒரு கணம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "ஆமாமா. சுறா ஒண்ணு வந்துது. எனக்கு உங்க உயிர்தான் முக்கியம். மிச்சத்தை நாளைக்கு முடிச்சிடலாம்."

கரையில் மச்சினன் அவரைத் தனியே பிடித்தான். "சத்தியம் பண்ணீங்களே அத்தான்."

"மீனுதானேடா. அவர் வீட்டு வரவேற்பறையில இந்த மீனோட என் போட்டோவையும் சேத்து மாட்டறேன்னிருக்கார், தெரியுமா?"

"நான் உங்க ஜோடி இல்லையா?"

"அதெல்லாம் தண்ணிக்குள்ள மாப்ள."

மாலை நான்கு மணிக்கு மச்சினன் தனியாக இறங்கினான். இரண்டு முறை தட்டினான். பெரியவர் வந்து தாடையைக் காட்டினார். கையில் கணவாய் இல்லை. மச்சினன் கையை மடக்கி, கிழிந்த உதட்டிலேயே ஓங்கிக் குத்தினான். மீன் பின்வாங்கி நின்றது, ஓடத் தெரியவில்லை. டேங்கின் காற்றை அதன் கண்ணில் சீறவிட்டு மறுபடி குத்தினான், மறுபடியும். வாலை ஒரு முறை படாரென்று அடித்துவிட்டு அது இன்ஜின் அறைக்குள் மறைந்தது.

நாளைக்கு வராது என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு தட்டு தட்டினான். காத்திருந்தான். வரக் கூடாது என்றுதான் காத்திருந்தான். ஆனாலும் இருட்டான அந்த வாசலை விட்டுக் கண் அகலவில்லை. எதுவும் வரவில்லை.

காற்று குறைந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அங்கே யாரும் இல்லை. மேலே போனான்.