பதினேழாவது கேள்வி

குறுவை நடவின் மூன்றாம் நாள். ஒன்பது பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் நாற்றுமுடி; வலது கை மூன்று மூன்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே போகும். வரிசையின் ஓரத்தில் அமிர்தம் இருந்தாள். அந்த இடத்தை அவளேதான் கேட்டு வாங்கியிருந்தாள். அங்கிருந்து வரப்பும், வரப்பின்மேல் நின்ற பூவரச மரமும் கிட்டத்தில் இருந்தன.

"அம்மா" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ அமிர்தம், ஒம் மவ கூப்புடுறா பாரு" என்றாள் காத்தாயி, நிமிராமலே.

"எறும்பு" என்றது குரல்.

அமிர்தம் நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு வரப்பேறி ஓடினாள். பெல்ட் வைத்த மர நாற்காலியில் பதினோரு வயது எழில்மொழி உட்கார்ந்திருந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பிறந்ததிலிருந்து உடம்பில் வலது கை மட்டும்தான் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அதிலும் விரல் நீளாது. மடங்கிய நடுவிரலின் முட்டிதான் அவளுக்கு விரல். நாற்காலியின் மடிப்பலகையில் நைலான் கயிற்றால் ஒரு தொடுதிரை டேப் கட்டியிருந்தது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். அவர்கள் வீட்டுச் சொம்பு, அவர்கள் வீட்டுத் தட்டு, அமிர்தத்தின் முகம், ஒரு எறும்பு. படத்தை முட்டியால் அழுத்தினால் டேப் அந்தச் சொல்லைச் சொல்லும்.

பாதத்தில் இரண்டே இரண்டு செவ்வெறும்பு. அமிர்தம் தட்டிவிட்டு, நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கினாள்.

போன குறுவைக்கு டேப் கிடையாது. எழில் கத்தத்தான் செய்தாள். ஆனால் பசித்தாலும் அதே கத்தல், காக்காயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அதே கத்தல். அமிர்தம் வரிசையை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு காலிலும் முழங்கால்வரை எறும்பு அப்பியிருந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் அமிர்தம் வேலைக்கே போகவில்லை. திருப்பூருக்குப் போன புருஷன் ராஜ்குமார் எழிலுக்கு மூன்று வயதிலேயே திரும்பி வருவதை நிறுத்தியிருந்தான். காத்தாயி வீட்டுச் சோற்றில் சில மாதம் ஓடியது. டேப் வந்து, எழில் கூப்பிடக் கற்றுக்கொண்ட பிறகுதான் அமிர்தம் மறுபடியும் வயலில் கால் வைத்தாள்.

கற்றுக்கொடுத்தது ஜெயபாரதி டீச்சர். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியை. ஒப்பந்த வேலை, பன்னிரண்டாவது வருஷம். எட்டு மாதத்துக்கு முன்னால் 'வேணும்', 'வேண்டாம்' என்ற இரண்டே கட்டத்தில் ஆரம்பித்து நாற்பத்தாறு கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். குரல் பக்கத்துத் தெரு ஹாஃபிஸாவுடையது. "பதினோரு வயசுப் புள்ளைக்கு என் கொரல் எதுக்கு?" என்று டீச்சர்தான் சொல்லி, ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளைக் கூட்டிவந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசவைத்துப் பதிந்திருந்தாள். ஹாஃபிஸா தெருவில் யாரையாவது "அம்மா" என்றால் இப்போதெல்லாம் அமிர்தம்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

பெண்கள் கஞ்சி குடிக்கக் கரையேறியபோது ஜெயபாரதியின் ஸ்கூட்டி வந்து நின்றது. அது அவள் வரும் கிழமை இல்லை.

"டீச்சர்" என்றாள் எழில், டேப்பில். பல் தெரியச் சிரித்தாள்.

ஜெயபாரதி சிரிக்கவில்லை. அமிர்தத்தைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"அமிர்தம், எழிலு பேரை ஸ்கூல் லிஸ்ட்டுக்கு மாத்திட்டாங்க."

"நல்லதுதானேங்க டீச்சர்?"

"இல்லை. வீட்டு லிஸ்ட்ல இருந்தாத்தான் நான் வர முடியும். வீட்டு லிஸ்ட்ல இருந்தாத்தான் டேப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க."

அமிர்தத்தின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் சாய்ந்தது. "எதுக்குங்க? புள்ள ஒடைக்கலை, கீறலை. பாலித்தீன் பையிலதானேங்க வச்சிருக்கேன்."

"நான்தான் காரணம்" என்றாள் ஜெயபாரதி. "மதிப்பீட்டுப் பாரத்துல பதினேழாவது கேள்வி. பிறர் உதவியின்றித் தன் தேவையைத் தெரிவிக்கிறாரா? ஆம்னு போட்டேன். அவ்வளவு சந்தோசமா போட்டேன் அமிர்தம். அந்த ஒரு கேள்விக்கே பத்து மார்க்கு. முப்பத்தொண்ணு வந்திடுச்சு. முப்பது வந்தா பள்ளிக்குத் தயார்னு அர்த்தமாம்."

பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். வாசலில் நான்கு படி. எழிலின் நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு இல்லை. போன வருஷம் கேட்டதற்கு, அம்மா கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் சேர்க்கலாம் என்றார்கள். கூடவே உட்கார்ந்தால் சோற்றுக்கு எங்கே போவது என்று அவர்களும் சொல்லவில்லை, அமிர்தமும் கேட்கவில்லை.

மறுநாள் ஜெயபாரதி அலுவலகத்தில் நின்றாள். ஒருங்கிணைப்பாளர் மதிவாணன் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், கம்ப்யூட்டரை அவள் பக்கமே திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம், லாக் ஆயிடுச்சு. ஆம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"டேப்பு இருந்தாத்தானே சார் ஆம்? டேப்பை எடுத்துட்டா அந்தப் புள்ளை மறுபடியும் இல்லைக்குப் போயிடும்."

"அப்படி ஒரு கேள்வி பாரத்துல இல்லையே" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே வழி மறுமதிப்பீடு. வியாழக்கிழமை தஞ்சாவூர்ல முகாம். ஒருதரம் லிஸ்ட்டு மாறினவங்க பதினஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் பழைய லிஸ்ட்டுக்குத் திரும்ப முடியும். டேப்பு அவகிட்டயே இருக்கும். ஆனா யோசிச்சுக்கங்க. அப்படி வந்தா எட்டு மாசத்துல ஒரு முன்னேற்றமும் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போடணும். உங்க ஒப்பந்தப் புதுப்பிப்பு இந்த மாசம்தான் மேல போவுது."

ஜெயபாரதி டீயைக் குடிக்காமலே எழுந்தாள். அந்த ஒரு 'ஆம்' போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அமிர்தம் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பேசக் கற்றுக்கொடுக்க எட்டு மாதம் ஆகியிருந்தது. பேசாமலிருக்கக் கற்றுக்கொடுக்க அந்த ஒரு மத்தியானம்தான் இருந்தது.

"எழிலு என்ன அழுத்தினாலும் நீங்க திரும்பக் கூடாது" என்றாள் ஜெயபாரதி. அமிர்தம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"தண்ணி" என்றது டேப். யாரும் அசையவில்லை. "அம்மா. தண்ணி. அம்மா." அமிர்தம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எழிலின் முட்டி கட்டங்களின் மேல் அலைந்து, கடைசியில் இரண்டைத் தேடிப் பிடித்தது. "டீச்சர். கோவம்."

ஜெயபாரதியால் முடியவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீர் புகட்டினாள். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, முகத்துக்கு நேராக முகம் வைத்துச் சொன்னாள்.

"கோவம் இல்லை தங்கம். நல்லாக் கேளு. நாளைக்குக் கழுத்துல அட்டை மாட்டினவங்க வருவாங்க. நீ பேசுறதைப் பாத்தா டேப்பை எடுத்துக்குவாங்க. அட்டை மாட்டினவங்க பக்கத்துல இருந்தா பேசக் கூடாது. என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாது. அவங்க போனப்புறம் பேசலாம்."

எழில் அவளையே பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் புரியாதது எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். முட்டி மெதுவாக இறங்கியது.

"சரி" என்றது ஹாஃபிஸாவின் குரல்.

தஞ்சாவூரில் முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். காலை ஒன்பதிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்களும் பிள்ளைகளும். கழிப்பறை மாடியில் என்று முன்னமே கேள்விப்பட்டிருந்ததால் அமிர்தம் எழிலுக்கு விடிந்ததிலிருந்து தண்ணீர் கொடுக்கவில்லை. கூப்பிட்டபோது மணி ஒன்றேகால்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண்ணின் கழுத்தில் நீலப் பட்டையில் அட்டை தொங்கியது. எழில் அதைப் பார்த்தாள். வலது கை தானாகவே உள்ளே போய், வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒடுங்கியது.

"ஹாய் செல்லம், இதுல அம்மா எங்க இருக்காங்கன்னு காட்டு பாப்போம்" என்று அந்தப் பெண் டேப்பை நகர்த்தி வைத்தாள். அன்பான குரல்தான். எழிலின் பார்வை நேராக அமிர்தத்தின் படத்துக்குப் போய், உடனே கூரைக்கு நகர்ந்தது. கை வரவில்லை.

"தட்டு எது? உன் பேர் எது? இது வேணுமா, வேண்டாமா?" ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் காத்திருந்து, பூஜ்யம் போட்டாள்.

பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். "தண்ணி வேணும்னா தண்ணிப் படத்தைத் தொடு. உடனே தர்றேன்."

எழிலின் நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவியது. கை பெல்ட்டுக்கு மேலே ஏறியது. முட்டி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டே நின்றது. அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் தன்னை ஜெயபாரதி வெறுத்தாள். எழில் அட்டையைப் பார்த்தாள். கை திரும்பி உள்ளே போனது.

அந்தப் பெண் பாட்டிலை மூடிவைத்துவிட்டு, மற்ற கேள்விகளின் மார்க்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். ஒன்பது.

"சாரி, மேடம்... எட்டு மாசமா இந்தக் குழந்தைக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ஜெயபாரதி 'முன்னேற்றம் இல்லை' என்ற வரிக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் பெரிய கோயிலைத் தாண்டியதும் எழில் கையை வெளியே எடுத்தாள். "தண்ணி" என்றாள். "தண்ணி. தண்ணி. தண்ணி." முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தம் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே புகட்டினாள். பாதித் தண்ணீர் பாவாடையில் போனது. ஜெயபாரதி எழிலின் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் நான்கு நகமும் பதிந்து பிறை பிறையாகச் சிவந்திருந்தது.

"கெட்டிக்காரி" என்றாள்.

சனிக்கிழமை கடைசி வயல். ஜெயபாரதி அன்றைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அமிர்தம் ஓரத்தில் நின்று நட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கூலியை விட்டிருந்ததால் கை வேகமாகப் போயிற்று. காதை மட்டும் மரத்தடியில் வைத்திருந்தாள். பத்து மணிவாக்கில் ஒரு பைக் வந்து நின்றது. பயிர்க் காப்பீட்டுக்காக வயலைப் படம் எடுக்க வந்த ஆள். நான்கு மூலையிலும் நின்று படம் எடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் பூவரசு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

டேப் எதுவும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அமிர்தம் இன்னும் இரண்டு முடியை நட்டாள். பிறகு ஏதோ மனசு கேட்காமல் நிமிர்ந்தாள்.

"ஏன்டி, என்ன?" என்றாள் காத்தாயி.

அமிர்தம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

எழில் தூங்கவில்லை. இரண்டு கண்ணும் அகலத் திறந்து, அந்த ஆளின் கழுத்தில் தொங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். மோவாயில் ரத்தம் இறங்கியிருந்தது. கை பெல்ட்டுக்குள் இருந்தது. இரண்டு காலிலும் முழங்கால்வரை செவ்வெறும்பு.

"ஐயையோ!" அமிர்தம் சேற்றுக் கையால் வழித்து வழித்துத் தள்ளினாள். "எறும்புன்னு சொல்லக் கூடாதாடி? எஞ் சாமி, சொல்லக் கூடாதா?"

அந்த ஆள் பதறி எழுந்தார். "நான் இங்கதான்மா ஒக்காந்திருக்கேன். பாப்பா சத்தமே போடலையே. ரொம்ப அமைதியாத்தான் இருந்திச்சு."

"போங்கய்யா" என்றாள் அமிர்தம். "மொதல்ல இங்கேருந்து போங்க."

அவர் ஒன்றும் புரியாமல் பைக்கைக் கிளப்பினார். மதகைத் தாண்டி, மூங்கில் தோப்பைத் திரும்பி, சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை எழில் அந்தப் பக்கமே பார்த்திருந்தாள். அதன்பிறகு கையை வெளியே எடுத்தாள். முட்டி கட்டத்தைத் தேடி இறங்கியது.

"எறும்பு" என்றது டேப். "எறும்பு. எறும்பு. எறும்பு."