திருப்பிப் போட்ட சீருடை

ஜீப்னி வண்டியைத் திருடிய திக்பாலாங் என்ற காட்டுப் பூதத்தைத் தேடி பிலிப்பைன்ஸின் லகுனா மலைக்காட்டுக்குள் வந்திருந்தாள் இன்ஸ்பெக்டர் லிகாயா. குதிரை மூஞ்சிக்காரன், வருகிறவர்களை வழி மறக்கடித்துச் சுற்றவிடுவதே அவன் பிழைப்பு. அதே ஆலமரம் நாலாவது முறையாக எதிரே வந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் மாயத்தை முறிக்கும் ஊர் வழக்கப்படி சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டாள். உடனே மயக்கம் விட்டது. கிளையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"இறங்குடா, போலீஸ்!"

"பேட்ஜையே காணோமே மேடம்? போற வர்றவங்க எல்லாம் போலீஸ்னு சொன்னா நான் நம்பிடணுமா?"

பேட்ஜ் உள்பக்கம் போயிருந்தது. சட்டம் பேசுதாம் திருட்டுக் குதிரை! எரிச்சலில் சட்டையை நேராக்கி, பேட்ஜைக் காட்டி, விலங்கை மாட்டினாள். அவன் சமர்த்தாகக் கையைக் கொடுத்தான்.

"போலாம் மேடம். ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

லிகாயா திரும்பினாள். எல்லாப் பக்கமும் அதே ஆலமரம்.