வாயாடியின் கழுத்து

என் கழுத்தில் ஒரு கட்டி. நான் வேலை பார்க்கும் சலவைக்கடைக்குத் துணி போட வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, பாதியில் கண்ணைக் கீழே இறக்கிவிடுவார்கள். "மேல பாருங்க, நான் இங்க இருக்கேன்" என்று ஒருநாள் ஒருத்தரிடம் சொல்லியேவிட்டேன். அந்தக் கட்டியைப் பார்க்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அவருக்குக் கண் போய்விட்டது. ஒரு கம்பெனியில் போன் ஆபரேட்டராக இருக்கிறார். என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்.

"தைராய்டு வீக்கம். புற்றுநோய் இல்ல, அவசரமும் இல்ல. ஆனா மூச்சுக்குழாய அழுத்த ஆரம்பிச்சிருக்கு. எடுத்துட்டா நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"எடுத்தா எது கெடும்?" என்றேன்.

குரல் நரம்பு கட்டியை ஒட்டித்தான் போகிறதாம். நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ குரல் மாறிப்போய், பழையபடி திரும்பவே திரும்பாதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கை, மடித்து வைத்திருந்த குச்சியை இறுகப் பிடித்தது.

மற்றவர்கள் பார்க்க எனக்கொரு முகம் இருக்கிறது. அவருக்கு நான் வெறும் குரல்தான். அது போனால் அவர் வீட்டில் யாரோ ஒருத்தி நடமாடுவாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று வீட்டில் கேட்டேன்.

"உன் கழுத்து, உன் இஷ்டம்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டேன், அதே பதில். இணையத்தில் தேடினால் ஒருத்தி பாடிக் காட்டுகிறாள், ஒருத்தி அழுகிறாள். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்: "நெட்ல தேடினது போதும். ஆபரேஷன் ஆனவங்க பேசுறத நான் நேர்ல கேக்கணும்."

ஆபரேஷன் முடிந்தவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாளில் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். தழும்பு தேடுவது என் வேலை, பேச்சுக் கொடுப்பது அவர் வேலை. "வலப்பக்கம், பச்சைச் சட்டை" என்று நான் கிசுகிசுப்பேன், அவர் அந்தப் பக்கம் திரும்பி ஆரம்பிப்பார். பச்சைச் சட்டை ஒரு டீச்சர். கணீரென்ற குரல். அடுத்தவருக்கும் குறையில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"டாக்டர் வந்துட்டாங்களா?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்று இடப்பக்கமிருந்து பதில் வந்தது. கரகரவென்று, தேய்ந்துபோன குரல்.

"அப்படியாண்ணே. உங்களுக்கும் கழுத்துலதானா?"

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். அங்கே இருந்தது ஒரு பெண். கழுத்தில் தழும்பு.

"பரவால்லைங்க, பழகிடுச்சு" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். "நரம்புல கத்தி பட்டுடுச்சு. மூச்சு நல்லாருக்கு, படுத்தா தூக்கம் வருது. ஆனா போன் பண்ணினா என் சொந்தத் தங்கச்சியே 'யார் சார் பேசுறது'ங்கறா."

அவர் முகம் வெளிறிவிட்டது. அவள் குரல் வந்த பக்கம் கைகூப்பினார். பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"வேணாம்னு சொல்லணும்போல இருக்கு. ஆனா நீ தூங்கும்போது மூச்சு இழுக்குது. நின்னுடுமோன்னு கேட்டுக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன். நான் எதச் சொல்றது?" குச்சியை மடித்தார், பிரித்தார். "உன்னப் போய் அண்ணேன்னு கூப்பிட்டுருவேனோன்னு பயமா இருக்கு, வாயாடி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அதே பயம்தான்.

மறுநாள் வேலைக்கு நடுவே பக்கத்து மருந்துக்கடைக்குப் போய், அவர் கம்பெனிக்குப் பேச அவர்களுடைய போனைக் கேட்டேன். என் போனிலிருந்து கூப்பிட்டால், நம்பரை வாசித்துச் சொல்லும் கருவி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொண்டையை இறுக்கி, அந்தப் பெண்ணைப் போலவே கரகரப்பை வரவழைத்துக்கொண்டேன். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்து அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"வணக்கம், யார் வேணும்?" ஆபீஸில் பேசும் குரல்.

"கணக்குப் பிரிவு குடுங்க."

"உங்க பேரு சொல்லுங்க, சார்."

சார். வைத்துவிடலாமா என்று நினைத்தேன். அழுகை வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"பேரு எதுக்கு? பொண்ணு பாக்க வரப்போறீங்களா? கேட்டதக் குடுக்க இவ்ளோ நேரமா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கணக்குப் பிரிவுல உனக்கென்ன வேலை, வாயாடி?"

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன், அதே கரகரப்பில்.

"முதல்ல தெரியலதான். நீ அதட்டினதும் தெரிஞ்சுபோச்சு." அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. "கணக்குப் பிரிவ விடு. டாக்டரம்மாவுக்கு லைன் போடட்டுமா?"

"போடுங்க" என்றேன், என் சொந்தக் குரலில்.