ஞாயிறு வாசகத்துக்கு ஒரு திரை

எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பச்சைக்கிளி வந்துவிடுகிறது. டேப்லெட்டைக் கையில் எடுத்தால் போதும், திரையின் விளம்பரப் படத்தில் சிறகை விரித்துக்கொண்டு பறக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஜோசஃபினுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"கிளி வேணாம் தம்பி. எழுத்தைக் காட்டுங்க" என்றாள் கடைப் பையனிடம்.

எதிர்வீட்டு டென்சில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. படம் எதில் பார்த்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும் ஆன்ட்டி, பொடி எழுத்தைத் திறந்து வளைவைப் பாருங்கள், திரையின் ஒளிப்புள்ளிகள் நெருக்கமாக இருந்தால்தான் வளைவு வழுவழுவென்று வரும் என்றிருந்தான். அன்றிலிருந்து ழகரத்தின் வாலையும் ணகரத்தின் சுழியையும் உற்றுப் பார்த்தபடி கடை கடையாக ஏறி இறங்குகிறாள். மட்டமான திரையில் சுழி பல் பல்லாக இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தே போயிருக்கும்.

இத்தனையும் கணவர் கிளெமென்டுக்காக. கல்யாணமான நாளிலிருந்து பெங்களூரு ஜோகுபாளையம் பக்கத்து மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் பைபிள் வாசகம் அவருடையது. வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிதர், அங்கே நின்றால் கணீரென்று வாசிப்பார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. போன மாதம் பாதியில் தடுமாறி நின்றார். இனி இளைஞன் டெரிக் வாசிக்கட்டும் என்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. வரும் ஞாயிறு ஒரு தடவை பார்ப்போம், டேப்லெட்டில்கூட வாசிக்கலாம் என்று ஃபாதர்தான் இடம் கொடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கிறது, வாக்கியம் பிடிபடவில்லை என்றார் கிளெமென்ட். அப்படியானால் சின்ன எழுத்தே தெளிவாகத் தெரிகிற திரை வேண்டும் என்று முடிவுகட்டினாள் ஜோசஃபின்.

நரம்பு போனது போனதுதான், இனி எந்தக் கண்ணாடியும் உதவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடியைத்தானே சொன்னார், திரையைச் சொல்லவில்லையே. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் அவள்.

இந்தக் கடையில் விற்பனைப் பையன் அருண்குமார் முதலில் புத்தகம் படிப்பதற்கென்றே வரும் ஈ-ரீடர் ஒன்றைக் கொடுத்தான். அச்சடித்த காகிதம் போலவே இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. கூட வந்திருந்த கிளெமென்ட் அதை மூக்கருகே கொண்டுபோய், "சாம்பல் பூத்த மாதிரி இருக்கு" என்றார். அவள் முகம் வாடியதை அவரால் பார்க்க முடிந்திருக்காது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பி, "வேற இருந்தா பாக்கலாம், ஜோசி" என்றார்.

"ஸ்வல்ப இருங்க ஆன்ட்டி" என்று உள்ளே போன அருண்குமார் விலையுயர்ந்த டேப்லெட் ஒன்றோடு வந்தான். அவள் செல்போனுக்கு ஃபாதர் அனுப்பியிருந்த ஞாயிறு வாசகத்தை அதில் திறந்து நீட்டினான். ழகரத்தின் வாலில் ஒரு பிசிறு இல்லை. ஜோசஃபின் அதை அவர் கையில் வைத்தாள்.

கிளெமென்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசித்தார். பழைய அதே குரல். ஒரு சொல் தடுக்கவில்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜோசஃபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டராவது ஒன்றாவது, என் மனுஷன் வாசிக்கிறார் என்று உள்ளுக்குள் கூத்தாடினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். திரை கறுத்துக் கிடந்தது. யாரும் தொடாததால் தானாகவே அணைந்திருந்தது. கடையின் டியூப்லைட் மட்டும் கண்ணாடியில் வெள்ளையாகப் பளபளத்தது. கிளெமென்ட் அந்த வெள்ளையைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தார்.

இந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால், "அந்த வாசகத்தை இன்னொரு வாட்டி படி, உன் குரல்ல கேக்கணும்போல இருக்கு" என்று அவர் கேட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆசையாகக் கேட்கிறார் என்று பூரித்துப்போய்ப் படித்திருந்தாள்.

"அங்கிள், ஸ்கிரீன் ஆஃப் ஆயிடுச்சு, குடுங்க" என்று விகற்பமில்லாமல் கை நீட்டினான் அருண்குமார்.

குரல் நின்றது.

"எப்ப அணைஞ்சுது, ஜோசி?"

"இப்பத்தாங்க. இந்த நிமிஷந்தான்."

கிளெமென்ட் கட்டைவிரலால் கண்ணாடியை மெல்லத் தடவினார். "நீ கடை கடையா அலையறது தாங்கல. எதையாவது ஒண்ணை வாங்கிட்டா உன் மனசு அடங்கும்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "ஃபாதர்கிட்ட சொல்லிடு. டெரிக்கே வாசிக்கட்டும்" என்றார்.

ஜோசஃபின் டேப்லெட்டை அவர் கையிலிருந்து வாங்கி அருண்குமாரிடம் கொடுத்தாள்.

"தம்பி," என்றாள், "இதைவிடத் தெளிவா வேற ஏதாவது இருக்கா?"